ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி: எச்.ஐ.வி. முன்தடுப்பு மருந்து போய்ச் சேரும் வழி

எச்.ஐ.வி. இன்னும் தொற்றாத ஒருவர், தொற்றக்கூடிய சூழலில் வாழும் காலம் முழுவதும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் மருந்தே முன்தடுப்பு மருந்து. மருத்துவ வட்டாரத்தில் இதைச் சுருக்கமாக ‘பிரெப்’ என்பார்கள். இது தடுப்பூசி அன்று. தடுப்பூசி கிருமியின் சாயலை உடலுக்குக் காட்டி, உடலையே எதிர்த்து நிற்கப் பழக்கும். பிரெப் அப்படி எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. மலேரியா உள்ள காட்டுப் பகுதிக்குப் போகிறவர் கிளம்புவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்வதைப் போன்றது இது. மருந்து உடலில் போதிய அளவு இருக்கும்வரை காப்பு உண்டு. அளவு குறைந்தால் காப்பும் போய்விடும்.

இந்த வகையில் முதல் மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2012 ஜூலை 16 அன்று அனுமதி தந்தது. சரியாகச் சாப்பிட்டால் மிக உயர்ந்த காப்பைத் தரும் மருந்து கைக்கு வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அப்படியிருந்தும் 2024-இல் மட்டும் உலகில் சுமார் 13 லட்சம் பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியது. இந்தப் பத்தாண்டுகளில் குறையாக இருந்தது மருந்து அல்ல. அது யாருக்கு மிகவும் தேவையோ அவர் கையில், அவர் வாழ்க்கைக்குப் பொருந்தும் வடிவில், அவர் நாடு தாங்கும் விலையில் சேராததே குறை. அதிலும் தென்னாப்பிரிக்காவின் இளம்பெண்களுடைய கதை இந்த இடைவெளியை மற்ற எதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

மருந்து வேலை செய்யும் விதத்தை முதலில் பார்க்கலாம். எச்.ஐ.வி. கிருமி தன் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. வடிவில், கூம்பு போன்ற ஒரு புரதக் கூட்டுக்குள் வைத்துச் சுமந்து வருகிறது. சி.டி.4 என்னும் நோயெதிர்ப்பு உயிரணுவில் புகுந்ததும், ஆர்.என்.ஏ.வில் உள்ள செய்தியை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. அந்தப் படி உயிரணுவின் கருவுக்குள் போய், மனிதரின் சொந்த டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டபின் அதைப் பிரித்தெடுக்க இன்று மருந்து கிடையாது. ஆகவேதான் எச்.ஐ.வி. தொற்றியவர் வாழ்நாள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. தடுப்பதானால், படியெடுப்பு முடிந்து அந்த ஒட்டுதல் நடப்பதற்கு முன்பே தடுத்தாக வேண்டும்.

முதல் பிரெப் மாத்திரையில் டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்று இரண்டு மருந்துகள் உள்ளன. டி.என்.ஏ. இழையை மணி கோப்பதோடு ஒப்பிடலாம். ஒரு மணியில் நூல் நுழைந்து மறுபக்கம் வெளிவந்தால்தான் அடுத்த மணியைக் கோக்க முடியும். டெனோஃபோவிர் பார்வைக்கு மற்ற மணிகளைப் போலவே இருக்கும், ஆனால் அதன் துளை ஒரு பக்கம் அடைபட்டது. கிருமியின் படியெடுக்கும் நொதி ஏமாந்து அதை எடுத்துக் கோக்கிறது. கோவை அங்கேயே நின்றுபோகிறது. இது நடக்க, கிருமி வந்து சேரும்போதே மருந்து உயிரணுவுக்குள் காத்திருக்க வேண்டும். பிரெப் பற்றிய அத்தனை வெற்றிக்கும் தோல்விக்கும் வேர் இந்த ஒரு நிபந்தனைதான்.

டெனோஃபோவிரை உருவாக்கியவர் செக் நாட்டு வேதியியலர் அன்டோனின் ஹோலி. பிராகில் அவர் ஆக்கிய சேர்மங்களைப் பெல்ஜியத்தின் லூவெனில் எரிக் டி கிளெர்க் கிருமிகளோடு மோதவிட்டுச் சோதித்தார். குரங்குகளைத் தாக்கும் எச்.ஐ.வி.யின் உறவுக்கார வைரஸிடமிருந்து இந்த மருந்து மக்காக் குரங்குகளைக் காத்தது என்ற ஆய்வு 1995-இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே மனிதரிடமும் ஒரு சான்று கிடைத்திருந்தது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின்போதும் தாய்க்கும், பிறந்தபின் குழந்தைக்கும் ஏ.இசட்.டி. மருந்து கொடுத்ததில், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவது மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. மருந்தால் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க முடியும் என்பதற்கு அதுவே முதல் உறுதியான ஆதாரம்.

அந்த ஆதாரம் கையில் இருந்தும் அது மக்களைச் சேராமல் போனதுதான் தென்னாப்பிரிக்காவின் பழைய காயம். பிரசவ வேளையில் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்கு ஒரு வேளை மருந்து என்னும் எளிய நெவிரபின் முறை தொற்றை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும் என்று 1999-இல் உகாண்டாவில் நடந்த ஆய்வு காட்டியது. மருந்து நிறுவனம் ஐந்தாண்டுகளுக்கு அதை இலவசமாகவே தர முன்வந்தது. ஆனால் அப்போதைய குடியரசுத் தலைவர் தாபோ எம்பெக்கி, எச்.ஐ.வி. கிருமிதான் எய்ட்ஸுக்குக் காரணம் என்பதையே சந்தேகித்தவர். அவருடைய அரசு ஒவ்வொரு மாகாணத்திலும் இரண்டு மையங்களில் மட்டும் அந்த மருந்தை அனுமதித்தது. மற்ற அரசு மருத்துவமனைகளில் பிரசவித்த பெண்களுக்கு அது மறுக்கப்பட்டது. ‘ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்’ என்ற மக்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம், மருந்தைத் தடுத்து வைப்பது மக்களின் நலவாழ்வு உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. பணமும் அறிவியலும் குறுக்கே நிற்காத இடத்திலும் ஒரு மருந்து மக்களைச் சேராமல் போகலாம் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. அதற்கு விலையாகப் போனவை பச்சிளம் உயிர்கள்.

தென்னாப்பிரிக்காவில் இன்று சுமார் 80 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. 2022 கணக்கின்படி உலகில் வாரந்தோறும் 15 முதல் 24 வயது வரையிலான பெண்கள் சுமார் 4,000 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அவர்களில் சுமார் 3,100 பேர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள். குவாசூலு-நட்டால் மாகாணத்தில் கிருமிகளின் மரபு வரிசைகளை ஒப்பிட்டு, தொற்று யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று ஆராய்ந்தபோது ஒரு சுழற்சி தெரிந்தது. இளம்பெண்களுக்கு அவர்களைவிட எட்டு, ஒன்பது வயது மூத்த ஆண்களிடமிருந்து தொற்று வருகிறது. அந்த ஆண்களுக்கோ தங்கள் வயதை ஒட்டிய பெண்களிடமிருந்து வந்திருக்கிறது. பத்தாண்டு கழித்து இன்றைய இளம்பெண்கள் அந்த மூத்த பெண்களின் இடத்துக்கு வருகிறார்கள். வயதிலும் வருமானத்திலும் மூத்த ஆணிடம் ஆணுறை அணியச் சொல்லும் துணிவு பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு எளிதில் வருவதில்லை. அணிவதா வேண்டாமா என்பது அவன் கையில் இருக்கிறது. ஆகவே, பெண் தானே வைத்திருந்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தும் காப்பு ஒன்றுக்கான தேடல் இங்கே தீவிரமாக நடந்தது.

டர்பனில் குவரைஷா அப்துல் கரீம், சலீம் அப்துல் கரீம் தம்பதியர் நடத்திய காப்ரிசா 004 ஆய்வு அந்தத் தேடலின் முதல் வெளிச்சம். டெனோஃபோவிர் கலந்த களிம்பு ஒன்றை 889 பெண்களிடம் சோதித்ததில், தொற்று 39 விழுக்காடு குறைந்தது. 2010-இல் வியன்னா மாநாட்டில் இந்த முடிவு அறிவிக்கப்பட்டபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அதே ஆண்டின் இறுதியில் ஐபிரெக்ஸ் ஆய்வின் முடிவு வந்தது. ஆறு நாடுகளில், ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களும் திருநங்கையருமாக 2,499 பேர் அதில் பங்கேற்றனர். தினசரி மாத்திரை தரப்பட்டவர்களிடம் தொற்று 44 விழுக்காடு குறைந்திருந்தது. இரத்தத்தில் மருந்து உண்மையில் காணப்பட்டவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது 92 விழுக்காடு. கென்யாவிலும் உகாண்டாவிலும், இருவரில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள சுமார் 4,700 தம்பதிகளிடம் நடந்த ஆய்வில் 75 விழுக்காடு காப்பு கிடைத்தது.

அடுத்து வந்த இரண்டு ஆய்வுகள் இந்த நம்பிக்கையைக் குலைத்தன. கென்யா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவின் இளம்பெண்களிடம் நடந்த ஃபெம்-பிரெப் ஆய்வு 2011-இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மாத்திரை எடுத்த பெண்கள் பிரிவில் 33 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்த பிரிவில் 35 பேருக்கும் தொற்று. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 5,029 பெண்கள் பங்கேற்ற வாய்ஸ் ஆய்விலும் மாத்திரை, களிம்பு எதுவும் பலன் தரவில்லை. காப்ரிசா களிம்பின் பலனை மீண்டும் உறுதிசெய்ய நடந்த ஃபேக்ட்ஸ் 001 ஆய்வும் 2015-இல் தோல்வியென்றே அறிவிக்கப்பட்டது.

காரணம் இரத்தத்தில் இருந்தது. ஃபெம்-பிரெப்பில் பங்கேற்ற பெண்களில் ஏறக்குறைய அனைவருமே மாத்திரையைத் தவறாமல் எடுத்ததாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் திருப்பிக் கொடுத்த புட்டிகளில் மாத்திரைகளும் கணக்குக்குச் சரியாகவே இருந்தன. இரத்தத்தைச் சோதித்தபோது, பத்தில் நான்கு பேருக்கும் குறைவானவர்களிடமே அண்மையில் மருந்து எடுத்ததற்கான தடயம் இருந்தது. வாய்ஸ் ஆய்வில் அது இன்னும் குறைவு. மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. வேதியியல் தோற்கவில்லை, உடலுக்குள் மருந்தே போகவில்லை.

இதைப் பெண்களின் பொறுப்பின்மை என்று எளிதாக எழுதிவிட்டுப் போகலாம். அப்படி எழுதுவது தவறு. முன்தடுப்புக்கான மாத்திரையும் நோயாளிகள் சாப்பிடும் மாத்திரையும் ஒன்றே. புட்டியும் அதே புட்டி. நடக்கும்போது பைக்குள் அது கலகலவென்று சத்தம் போடும். வீட்டில் மாமியாரோ காதலனோ அதைப் பார்த்தால், ‘இவளுக்கு நோய் இருக்கிறது’ என்றோ ‘வேறு ஆளோடு தொடர்பு வைத்திருக்கிறாள்’ என்றோதான் நினைப்பார்கள். உடம்பில் ஒரு நோயும் இல்லாத பெண், குமட்டல் தரும் ஒரு பெரிய மாத்திரையைத் தினமும் ஒளித்து ஒளித்து விழுங்க வேண்டும். அதன் பலன் கண்ணுக்குத் தெரியாது, தெரியாமல் இருப்பதே அதன் பலன். கென்ய, உகாண்டத் தம்பதியர் ஆய்வு வென்றதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. அங்கே வீட்டுக்குள் ரகசியம் இல்லை. துணைக்கு எச்.ஐ.வி. இருப்பது இருவருக்கும் தெரியும். இருவரும் ஒரே வேளையில் ஆளுக்கொரு மாத்திரை போட்டுக்கொள்ளலாம்.

உடற்கூறும் பெண்களுக்குச் சாதகமாக இல்லை. மாத்திரையாக விழுங்கும் டெனோஃபோவிர் மலக்குடல் திசுக்களில் நிறையச் சேர்கிறது. யோனித் திசுக்களில் மிகக் குறைவாகவே சேர்கிறது. ஆகவே, ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆணுக்கு வாரத்தில் நான்கு மாத்திரையே நல்ல காப்பைத் தரும். உறவுக்கு முன்னும் பின்னும் சில மாத்திரைகள் எடுக்கும் முறையும் அவருக்குப் பலிக்கும். பெண்ணுக்கோ வாரத்தில் ஆறேழு நாள் தவறாமல் சாப்பிட்டால்தான் அதே அளவு காப்பு. பிரிட்டனிலும் பிரான்சிலும் ஆண்களிடம் நடந்த இரண்டு ஆய்வுகள் 2015-இல் 86 விழுக்காடு பலன் காட்டியதையும், அதே மாத்திரை ஆப்பிரிக்க இளம்பெண்களிடம் தோற்றதையும் இந்த வேறுபாட்டோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மறப்பதற்குச் சலுகை உள்ளவர்களுக்கு வாழ்க்கையும் சற்றே எளிதாக இருந்தது. சலுகையே இல்லாதவர்களுக்கு வாழ்க்கை கடினமாக இருந்தது.

தொற்றும் ஆபத்து கணிசமாக உள்ள யாருக்கும் மாத்திரையைத் தரலாம் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2015 செப்டம்பரில் பரிந்துரைத்தது. தென்னாப்பிரிக்கா அந்த ஆண்டின் இறுதியில் அனுமதி தந்து, 2016 ஜூனில் பாலியல் தொழிலாளர்களிடமிருந்து தொடங்கியது. பின்னர் ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்கள், மாணவர்கள், இளம்பெண்கள் என்று வட்டம் விரிந்தது. இந்த வரிசைக்கு ஒரு நியாயம் உண்டு. ஆபத்து மிக அதிகமாக உள்ளவர்களுக்கு முதலில் தரவேண்டும். ஆனால் அது ஒரு முத்திரையையும் குத்திவிட்டது. ‘அந்த மாதிரி ஆட்களுக்கான மாத்திரை’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பல ஊர்களில் தொடங்கியவர்களில் பெரும் பகுதியினர் முதல் சில மாதங்களிலேயே நிறுத்திவிட்டார்கள். உலக அளவில் 2025-க்குள் 2 கோடியே 12 லட்சம் பேர் பிரெப் பயன்படுத்த வேண்டும் என்பது இலக்காக இருந்தது. 2023-இல் அதைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 35 லட்சம் பேர்தான்.

குடும்பக் கட்டுப்பாட்டின் வரலாறு இதற்கு ஒரு வழி காட்டியது. தினமும் மாத்திரை சாப்பிட முடியாத பெண்களுக்குக் காப்பர்-டி இருக்கிறது. இந்தியாவின் அரசு மருத்துவமனைகளில் ‘அந்தரா’ என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியும் இருக்கிறது. தென்னாப்பிரிக்கப் பெண்களிடமும் கருத்தடை ஊசி நெடுங்காலமாகப் பரவலாக உள்ளது. மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வரும் பெண்ணை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எச்.ஐ.வி. காப்பும் அந்த வடிவத்துக்கு மாறினால் என்ன என்பதே அடுத்த கேள்வி.

முதலில் வந்தது வளையம். டபிவிரின் என்ற மருந்து ஊறிய சிலிக்கோன் வளையத்தைப் பெண் தானே யோனிக்குள் பொருத்திக்கொண்டு, மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 2016-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் அது தொற்றை 27 முதல் 31 விழுக்காடு வரையே குறைத்தது. காப்பு குறைவுதான்; ஆனால் யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதையும் விரும்பும் பெண்கள் உண்டு. தென்னாப்பிரிக்கா 2022-இல் அதற்கு அனுமதி தந்தது.

பெரிய மாற்றம் கபோடெகிரவிரோடு வந்தது. இது படியெடுத்த டி.என்.ஏ. மனித டி.என்.ஏ.வோடு ஒட்டும் கட்டத்தைத் தடுக்கும் மருந்து. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இடுப்புத் தசையில் ஊசியாகப் போடப்படுகிறது. ஆப்பிரிக்காவில் 3,224 பெண்களிடம் அதைத் தினசரி மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். மாத்திரைப் பிரிவில் 36 பேருக்குத் தொற்று. ஊசிப் பிரிவில் 4 பேருக்கு மட்டும். 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அங்கே ஓராண்டுக்கு அதன் பட்டியல் விலை 22,000 டாலருக்கு மேல். ஏழை நாடுகளுக்கான மலிவு மருந்தைத் தயாரிக்க இந்திய நிறுவனங்கள் உள்பட மூவருக்கு உரிமம் கிடைத்தது 2023-இல்தான். ஆற்றல் மிக்க ஒரு மருந்து, தேவைப்பட்ட நாடுகளில் பெரும்பாலும் ஆய்வுத் திட்டங்களுக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது.

அடுத்து வந்த லெனகபவிர் இன்னும் நீண்ட காலம் நிற்பது. இதன் குறி நொதி அன்று. தொடக்கத்தில் சொன்ன அந்தக் கூம்பு வடிவப் புரதக் கூடு. கிருமி உயிரணுவுக்குள் வந்தபின் அந்தக் கூடு சரியான நேரத்தில், சரியான இடத்தில் அவிழ வேண்டும். முன்னதாக அவிழ்ந்தாலும் கெடும், அவிழாமல் இறுகினாலும் கெடும். கூட்டின் கட்டமைப்பை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் வெஸ்லி சண்ட்குவிஸ்ட் முதலானோர் பல்லாண்டு ஆராய்ந்து இதைத் தெளிவாக்கினார்கள். லெனகபவிர் கூட்டின் புரதத் துண்டுகளுக்கு இடையே செருகிக்கொண்டு அதை இறுக்கிவிடுகிறது. அதனால் மரபுப் பொருள் கருவுக்குள் போக முடிவதில்லை. புதிதாக உருவாகும் கிருமிகளின் கூடும் கோணலாகிறது. கிருமியின் வாழ்வில் ஒரே கட்டத்தைத் தாக்கும் மற்ற மருந்துகளிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான்.

இது நீரில் ஏறக்குறையக் கரையாத மருந்து. மாத்திரை மருந்துக்கு அது ஒரு குறை. நீண்டகால ஊசிக்கு அதுவே வரம். வயிற்றுத் தோலுக்கடியில் போட்ட மருந்து அங்கேயே ஒரு சிறு சேமிப்பாகத் தங்கி, மெல்ல மெல்லக் கசிந்து இரத்தத்தில் கலக்கிறது. போட்ட இடத்தில் தடவினால் உணரக்கூடிய ஒரு சிறு கட்டி சில காலம் இருக்கலாம். முதல் இரண்டு நாள் மாத்திரையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதன்பின் 26 வாரத்துக்கு ஒருமுறை ஊசி போதும்.

இதைச் சோதித்த பர்ப்பஸ் 1 ஆய்வு தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயது வரையிலான பெண்களிடம் நடந்தது. மருந்து ஆய்வுகள் வழக்கமாக வெளியே நிறுத்தும் பதின்வயதுப் பெண்களை இது உள்ளே சேர்த்தது. இடையில் கர்ப்பமானவர்களையும், விருப்பம் இருந்தால், வெளியேற்றாமல் தொடர விட்டது. யாருக்குப் பயன்படப் போகிறதோ அவர்களிடமே சோதிப்பது என்ற இந்த முடிவைத் தனியே பாராட்ட வேண்டும். லெனகபவிர் போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. ஒப்பீட்டுக்காக இரண்டு வகைத் தினசரி மாத்திரை எடுத்தவர்களில், ஒரு பிரிவில் 2,136 பேரில் 39 பேருக்கும், மற்றொன்றில் 1,068 பேரில் 16 பேருக்கும் தொற்று ஏற்பட்டது. இங்கேயும் பெரும்பாலோர் மாத்திரையை ஒழுங்காக எடுத்திருக்கவில்லை. ஃபெம்-பிரெப்பின் பாடம் மறுபடியும் எழுதப்பட்டது. 2024 ஜூனில் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டு, விரும்பிய அனைவருக்கும் ஊசி தரப்பட்டது. அடுத்த மாதம் மியூனிக் மாநாட்டில் கேப்டவுனைச் சேர்ந்த லிண்டா-கெயில் பெக்கர் முழு விவரத்தையும் முன்வைத்தார். ஆண்களிடமும் திருநங்கையரிடமும் நடந்த பர்ப்பஸ் 2 ஆய்வில் ஊசி பெற்ற இரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் இருவருக்கு மட்டும் தொற்று. ‘சயின்ஸ்’ இதழ் அந்த ஆண்டின் முதன்மையான அறிவியல் சாதனையாக லெனகபவிரைத் தேர்ந்தெடுத்தது.

2025 ஜூன் 18 அன்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது, லெனகபவிரைத் தயாரிக்கும் கிலியட் நிறுவனம் வைத்த விலை ஓராண்டுக்கு 28,218 டாலர். சுமார் 24 லட்சம் ரூபாய். அந்த விலையில் இது ஆப்பிரிக்கக் கிராமப்புற மருத்துவமனையின் வாசலைக்கூட மிதிக்காது. ஆனால் 2001 முதல் எச்.ஐ.வி. மருந்துகளின் விலை எப்படி இறங்கியது என்பது உலகத்துக்குத் தெரியும். அந்த ஆண்டு 39 மருந்து நிறுவனங்கள், மலிவு மருந்துக்கு வழிவிட்ட தென்னாப்பிரிக்கச் சட்டத்துக்கு எதிராகத் தொடுத்திருந்த வழக்கை, உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் திரும்பப் பெற்றன. மும்பையின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுஃப் ஹமீத், பத்தாயிரம் டாலரைத் தாண்டிய எச்.ஐ.வி. கூட்டுமருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்ததும் அதே ஆண்டில்தான். இந்தியத் தொழிற்சாலைகளின் ஜெனரிக் மருந்து இல்லாமல் ஆப்பிரிக்காவின் எச்.ஐ.வி. சிகிச்சை இன்றைய அளவை எட்டியிருக்காது.

இம்முறை உரிமம் அனுமதிக்கு முன்பே வந்தது. 2024 அக்டோபரில் கிலியட் ஆறு நிறுவனங்களுக்கு, 120 நாடுகளில் விற்கும் உரிமத்தைத் தந்தது. அவற்றில் ஹைதராபாதின் டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டரோவும், புனேயின் எம்க்யூரும் அடக்கம். ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பரில், டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டரோவும் 2027 முதல் ஒருவருக்கு ஆண்டுக்கு 40 டாலர் விலையில் தருவதாக அறிவிக்கப்பட்டது. தினசரி மாத்திரைக்கு ஆகும் செலவும் ஏறக்குறைய அதேதான். விற்பனையின் தொடக்கத்தில் வாங்குவோர் குறைவாக இருந்தாலும் நிறுவனம் நட்டப்படாதபடி கேட்ஸ் அறக்கட்டளை, யூனிட்எய்ட் போன்றவை நிதி உத்தரவாதம் தந்ததால்தான் இந்த விலை சாத்தியமாயிற்று. அளவு கூடினால் விலை இறங்கும், விலை இறங்கினால்தான் அளவு கூடும் என்ற முடிச்சை அந்த உத்தரவாதம் அவிழ்த்தது.

உரிமத்தின் வரைபடத்தில் ஓட்டைகளும் உண்டு. பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு ஆகிய நாடுகளின் மக்கள் பர்ப்பஸ் 2 ஆய்வில் தங்கள் உடலைத் தந்து பங்கேற்றவர்கள். அந்த நான்கு நாடுகளுமே 120 நாடுகளின் பட்டியலில் இல்லை. நடுத்தர வருமான நாடுகள் என்பது காரணம். நாட்டின் சராசரி வருமானம் உயர்ந்திருக்கலாம்; லிமாவின் புறநகரில் வாழும் திருநங்கைக்கு அந்தச் சராசரியால் எந்த வசதியும் வந்துவிடுவதில்லை. மருந்தைத் தன் உடலில் சோதிக்கக் கொடுத்தவருக்கு அது கிடைக்காமல் போவது அநீதி.

விலை இறங்கியபின்னும் மருத்துவமனையில் தீர்க்க வேண்டியவை பல. ஊசி போடும் முன் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். தொற்று உள்ளவருக்கு இந்த ஒற்றை மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அதை எதிர்க்கப் பழகிவிடும். இதற்கு விலை உயர்ந்த மரபுச் சோதனை தேவை என்று வைத்தால் கிராமங்களில் திட்டமே நின்றுவிடும். ஆகவே, விரலில் குத்தி எடுக்கும் துளி இரத்தத்தில் செய்யும் விரைவுச் சோதனையே போதும் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2025 ஜூலையில், லெனகபவிரைப் பரிந்துரைத்த அதே அறிக்கையில் சொன்னது. பார்க்கச் சிறிய மாற்றம்தான். ஆனால் ஆய்வகம் இல்லாத ஊரில் செவிலியரே சோதித்து, செவிலியரே ஊசி போடும் வழியை அது திறந்துவிட்டது.

ஊசியை நிறுத்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. மாத்திரையை நிறுத்தினால் சில நாள்களில் மருந்து உடலை விட்டுப் போய்விடும். ஊசி மருந்தோ மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வந்து, காப்புக்குப் போதாத, ஆனால் கிருமிக்குப் பயிற்சி தரப் போதுமான அளவில் கொஞ்ச காலம் நிற்கும். அந்த நாள்களில் தொற்று ஏற்பட்டால் எதிர்ப்புத் திறன் கொண்ட கிருமி உருவாகலாம். ஆகவே, அடுத்த ஊசிக்கு வராதவரைத் தேடிப் பிடிப்பதும், ஆபத்து தொடர்ந்தால் மாத்திரைக்கு மாற்றிவிடுவதும் மருத்துவமனையின் வேலையில் சேர்கின்றன. இன்னொன்று காசநோய். அதற்குத் தரும் ரிஃபாம்பிசின், கல்லீரல் லெனகபவிரை வேகமாகச் சிதைக்கும்படி செய்கிறது. காசநோயும் எச்.ஐ.வி.யும் ஒரே தெருவில் நடமாடும் தென்னாப்பிரிக்காவில், ஊசி போட்டுக்கொண்ட பெண்ணுக்குக் காசநோய் வந்தால் கூடுதல் மருந்து தர வேண்டியிருக்கும். இரண்டு நோய்களின் பதிவேடுகளும் ஒன்றோடொன்று பேசாத மருத்துவமனையில் இது எளிதில் தவறிப்போகும்.

ஏற்கெனவே தொற்றியவர்களுக்கு முறையான சிகிச்சை தருவதும் ஒரு முன்தடுப்பே. சென்னை உள்பட ஒன்பது நாடுகளின் 13 மையங்களில் நடந்த ஹெச்.பி.டி.என். 052 ஆய்வு, தொற்றியவர் முன்னதாகவே சிகிச்சை தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011-இல் காட்டியது. ஊசிக்காகச் சிகிச்சைக்கான பணத்தைக் குறைத்தால் ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் திறந்துவிட்டதாகும். அந்தப் பணம் குறைந்துகொண்டுதான் வருகிறது. ஆப்பிரிக்காவின் எச்.ஐ.வி. பணிகளுக்கு 2003 முதல் முதுகெலும்பாக இருந்த அமெரிக்காவின் பெப்ஃபார் திட்டம், 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகள் நிறுத்தப்பட்டபோது தடுமாறியது. பின்னர் தந்த விலக்கில் பிரெப் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மட்டும் என்று சுருக்கப்பட்டது. கர்ப்பிணிகளைக் காப்பது மிகத் தேவையானது, அதில் இரு உயிர் காக்கப்படுகிறது. ஆனால் கர்ப்பமாவதற்கு முந்தைய நாள்வரை அதே பெண் வெளியே நிற்க வேண்டும் என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. பாலியல் தொழிலாளர்களும் திருநங்கையரும் ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களும் முற்றாகவே விடுபட்டார்கள். அவர்களுக்கெனத் தனியாக நடந்துவந்த மருத்துவமனைகள் பல மூடப்பட்டன.

இத்தனைக்கும் நடுவே, எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியமும் அமெரிக்க அரசும் சேர்ந்து மூன்று ஆண்டுகளில் 20 லட்சம் பேருக்கு லெனகபவிர் தருவது என்ற திட்டம் நிலைத்தது. 2025 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. நவம்பரில் முதல் தவணை எஸ்வாட்டினிக்கும் ஜாம்பியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. உயிர்காக்கும் கூட்டுமருந்து 1996-இல் வந்தபின் தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகளை எட்ட எட்டு ஆண்டு ஆயிற்று. பிரெப் மாத்திரைக்கு நான்கு ஆண்டு. லெனகபவிர், அமெரிக்க அனுமதிக்குப் பின் ஐந்தே மாதத்தில் தென்னாப்பிரிக்காவின் அண்டை மண்ணை எட்டியிருக்கிறது. ஆனால் போன மருந்து மிகச் சிலருக்குப் போதுமான அளவே. தேவையோ லட்சங்களில் இருக்கிறது. 2025 இறுதியில் முதல் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அடுத்த ஊசி 2026 நடுவில் போட்டாக வேண்டும். 40 டாலர் மருந்து ஹைதராபாதிலிருந்து கிளம்புவது 2027-இல்.